வாங் ஷுவின் சுவரில் பழைய ஓடு எதற்கு?

சீனக் கட்டடக் கலைஞர் வாங் ஷுவுக்கு 2012-இல் கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது, இடித்த வீடுகளின் கூரை ஓடுகளையும் செங்கல்லையும் எடுத்துச் சுவர் எழுப்பியதற்காகத்தானா, அது ஒரு தோற்றம் என்பதைத் தாண்டி அதில் தத்துவம் எங்கே இருக்கிறது என்று கட்டடக் கலை படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. பழைய பொருளைப் புதுக் கட்டடத்தின் மேல் பதித்துவிட்டால் அது மரபாகிவிடுமா என்பதுதான் அது. ஆகாது. அப்படிச் செய்கிற கட்டடங்கள் சீனாவிலும் வேறு நாடுகளிலும் ஏராளம். வாங் ஷு அங்கே நிற்கவில்லை. சுவர் எப்படி முடியப்போகிறது என்ற கடைசித் தீர்மானத்தை வரைபடத்திலிருந்து எடுத்துக் கொத்தனாரின் கையில் கொடுத்தார். அவருடைய தத்துவம் என்று நான் கருதுவது இதைத்தான். ஓடு அதற்கான வழி. நான் செங்கல், சுண்ணாம்பு வேலைகளை மேற்பார்வை பார்ப்பவன், கட்டுமானம் கற்பிப்பவன். அவருடைய கட்டடங்களை வரைபடங்கள், குறுக்குவெட்டுகள், படங்கள், உரைகள் வழியாகப் படித்தவன். ஆகவே கட்டும் முறையைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். உள்ளே புழங்கினால் மட்டும் தெரியும் விஷயங்களில், புழங்கியவர்கள் சொன்னதைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வேன்.

அவர் பிறந்தது 1963-இல், சீனாவின் வடமேற்கு மூலையான ஷின்ஜியாங்கின் உரும்ச்சியில். தந்தை இசைக் கலைஞர், ஓய்வு நேரத்தில் தச்சு வேலை செய்தவர். தாய் ஆசிரியை, பள்ளி நூலகத்தையும் கவனித்தவர். பையனுக்கு ஓவியத்தில் நாட்டம். பெற்றோர் பொறியியல் படிக்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒத்துப்போகக்கூடிய படிப்பாகக் கட்டடக் கலை அமைந்தது. நான்ஜிங் தொழில்நுட்பக் கழகத்தில் 1985-இல் இளநிலையும் 1988-இல் முதுநிலையும் முடித்தார். பிறகு ஹாங்ஜோவுக்கு வந்து, இன்று சீன நுண்கலைக் கழகம் என்று அழைக்கப்படும் நிறுவனத்தில் பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பது தொடர்பான ஆய்வில் சேர்ந்தார். ஒரு கட்டடக் கலைஞர் தன் இளமைக் காலத்தை ஓவியர்களும் எழுத்தோவியர்களும் நிறைந்த இடத்தில் கழித்தது பின்னால் பெரிதாகப் பலன் தந்தது. ஹாங்ஜோவுக்கு அருகே ஹைனிங்கில் 3,600 சதுர மீட்டர் பரப்பில் ஓர் இளைஞர் மையம் கட்டி முடித்தார். ஆண்டு 1990. அதுதான் அவருடைய முதல் கட்டடம்.

அடுத்து வந்த எட்டு ஆண்டுகளைத்தான் நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1990 முதல் 1998 வரை அவர் பெயரில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு பெரிய வேலையும் இல்லை. சீனாவில் கட்டட வேலை பெருக்கெடுக்கத் தொடங்கிய காலம் அது. அவர் வயதுக்காரர்கள் வடிவமைப்பு நிறுவனங்களில் கோபுரம் கோபுரமாக வரைந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். இவர் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் இடங்களில் கொத்தனார்களுடனும் தச்சர்களுடனும் காலை முதல் இரவு வரை இருந்தார். அவர்களோடு சாப்பிட்டார், ஒவ்வொரு வேலையும் எப்படி நடக்கிறது என்று கேட்டுக் கேட்டுக் கற்றார். வீட்டுச் செலவை மனைவி லு வென்யூவின் சம்பளம் தாங்கியது என்று அவரே பல முறை சொல்லியிருக்கிறார். இந்தக் காலத்தைப் பலர் துறவு என்று வருணிக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பொருத்தமாகத் தோன்றவில்லை. தொழில் கற்றுக்கொண்ட காலம் என்று சொன்னால் போதும். கல்லூரியில் கிடைக்காத படிப்பைச் சாரத்தின் மேல் நின்று படித்தார். பின்னாளில் ஒரு சுவரில் எதை வரைய வேண்டும், எதை வரையாமல் விட வேண்டும் என்று அவரால் தீர்மானிக்க முடிந்தது இந்தப் பயிற்சியால்தான்.

1997-இல் அவரும் லு வென்யூவும் சேர்ந்து ஹாங்ஜோவில் அலுவலகம் தொடங்கினார்கள். வைத்த பெயர், ‘அமெச்சூர்’ (தொழில்முறை சாராதவர்) கட்டடக் கலைக் கூடம். அன்றைய தொழில்முறைக் கட்டடக் கலை, ஊர் ஊராக இடித்துத் தள்ளிவிட்டு அடையாளமற்ற கட்டடங்களை நிறுத்திக்கொண்டிருந்தது. நாங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை என்ற அறிவிப்பு அந்தப் பெயரில் இருக்கிறது. வீடு என்பது அன்றாட வாழ்க்கைக்கு நெருக்கமானது, ‘கட்டடக் கலை’ என்று நாம் பெருமையாகச் சொல்வதைவிட அடிப்படையானது என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் கருத்து. 2000-இல் ஷாங்காயின் டோங்ஜி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் சூஜோ பல்கலைக்கழகத்தின் வென்ஜெங் கல்லூரி நூலகமும் முடிந்தது. மலைக்கும் நீருக்கும் நடுவே கட்டப்படும் கட்டடம் எடுப்பாகத் தெரியக் கூடாது என்பது சூஜோ தோட்டக் கலையின் விதி. அதற்கேற்ப நூலகத்தின் ஏறக்குறைய பாதியைத் தரைக்குக் கீழே இறக்கிவிட்டார். இந்தக் கட்டடம் வெள்ளையாக, நேர்கோடுகளாக, முழு நவீனமாக இருக்கும். பழைய ஓட்டுச் சுவர் என்று எதையும் இதில் காண முடியாது. உங்கள் கேள்விக்கு முதல் விடை இதிலேயே இருக்கிறது. அவருடைய சிந்தனை ஓட்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

ஓடு வந்து சேர்வது ஹாங்ஜோவின் ஷியாங்ஷான் வளாகத்தில். சீன நுண்கலைக் கழகத்துக்காக 2002 முதல் 2007 வரை இரண்டு கட்டமாகக் கட்டியது. ஒரு சின்னக் குன்று, அதைச் சுற்றி வயல்கள், ஓடை, மீன் குளங்கள். எல்லாவற்றையும் மட்டம் தட்டிப் புல்வெளி போடுவதுதான் வழக்கம். இவர் ஓடையையும் குளங்களையும் அப்படியே விட்டார், தூர் வாரிய மண்ணைக் கட்டடங்களைச் சுற்றியே பயன்படுத்தினார். கட்டடங்களைக் குன்றின் ஓரத்தில் அதைப் பார்க்கும்படி நிறுத்தினார். முதல் கட்டத்தின் கூரைகளுக்கு மட்டும், இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து எடுத்த ஓடுகள் 20 லட்சத்துக்கு மேல் தேவைப்பட்டன என்று பரிசுக் குழுவின் குறிப்பு சொல்கிறது. வளாகம் முழுவதற்கும் சேர்த்து இதைப்போல மூன்று மடங்குக்கு மேலான கணக்குகளும் எழுதப்படுகின்றன. அவற்றில் செங்கல்லும் சேர்கிறதா, சுவர்களும் சேர்கின்றனவா என்பது எழுதுகிறவரைப் பொறுத்து மாறுகிறது. எண்ணை மேற்கோள் காட்டும்போது எந்தக் கட்டம், எந்தப் பகுதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2006 வெனிஸ் கட்டடக் கலைக் கண்காட்சியில் சீன அரங்குக்காக அவர்கள் விரித்த ‘ஓட்டுத் தோட்ட’த்திலும் 60,000-க்கு மேற்பட்ட பழைய ஓடுகள் இருந்தன. மூங்கில் பாதை வழியாக அந்த ஓட்டுப் பரப்பின் மேல் ஏறிப் போகலாம்.

இனி நிங்போ வரலாற்று அருங்காட்சியகம். 2008-இல் முடிந்தது. சுமார் 30,000 சதுர மீட்டர் பரப்பு, 24 மீட்டர் உயரம். தரையில் ஒரே செவ்வகமாகத் தொடங்கி, மேலே போகப் போகப் பிளந்து, சாய்ந்து, வெட்டுண்ட மலை போல நிற்கும். நிங்போ வட்டாரத்தில் புயல் அடித்து வீடுகள் சரிந்தால், கையில் கிடைத்த ஓட்டையும் உடைந்த செங்கல்லையும் கல்லையும் வைத்து மக்கள் விரைவாகச் சுவர் எழுப்பிக்கொள்வார்கள். அதற்கு ‘வாபான்’ என்று பெயர். வறுமையும் அவசரமும் சேர்ந்து உருவாக்கிய முறை அது. சிமென்ட் வந்த பிறகு அந்தக் கைத்திறன் ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது. அருங்காட்சியகம் எழுந்த நிலத்தைச் சுற்றிலும் முப்பது கிராமங்கள் அளவுக்கு இடிக்கப்பட்டிருந்தன என்று வாங் ஷு சொல்வார். அந்த இடிபாடுகளிலிருந்தே பொருள் வந்தது. உடனே அருங்காட்சியகத்தில் கைவைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அதே நகரின் ஒரு பூங்காவில் கட்டிய ஐந்து சிறு வீடுகளில் முதலில் சோதித்தார், ஷியாங்ஷானின் இரண்டாம் கட்டத்தில் பெரிதாக்கினார், அதன் பிறகுதான் 24 மீட்டருக்குப் போனார்.

அந்தச் சுவரின் படத்தைப் பெரிதாக்கி ஒரு சதுர மீட்டரை மட்டும் பாருங்கள். கூரை ஓடுகளை நாம் கூரையில் பார்ப்பதுபோல் அங்கே பார்க்க மாட்டீர்கள். ஓடு படுக்கையாக அடுக்கப்பட்டிருப்பதால் அதன் மெல்லிய விளிம்பு மட்டும் கோடு கோடாகத் தெரியும். கறுப்பும் சாம்பலுமாகப் பத்துப் பதினைந்து கோடுகள், திடீரென்று ஒரு தடித்த சிவப்புச் செங்கல், பக்கத்தில் நீளமான சாம்பல் செங்கல், அதன் மேல் மறுபடியும் ஓடு. வரி நேராக ஓடாது. ஒரு செங்கல்லின் தடிமனுக்குப் பக்கத்தில் நான்கு ஓடுகளா ஐந்து ஓடுகளா என்பது ஓட்டின் கனத்தையும் சாந்தின் அளவையும் பொறுத்தது. ஒரு கட்டடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட அளவுகளில் செங்கல் வருகிறதென்றால், எந்த வரைபடத்தாலும் அதைச் சொல்லி முடிக்க முடியாது. கொத்தனார் கையில் எடுத்ததைப் பார்த்து, கீழே இருக்கும் வரியைப் பார்த்து, அந்த நொடியில் தீர்மானிக்கிறார். கட்டடக் கலைஞர் எதை எவ்வளவு கலக்க வேண்டும் என்ற பொதுவான வரம்பைச் சொல்கிறார், மாதிரிச் சுவர் கட்டிப் பார்க்கிறார், பிறகு ஒதுங்கி நிற்கிறார்.

இது எவ்வளவு கடினம் என்பது தளத்தில் வேலை வாங்கியவர்களுக்குத் தெரியும். கலவைச் செங்கல் வேலையில் மேஸ்திரியிடம் ‘உங்கள் விருப்பப்படி கட்டுங்கள்’ என்று நான் சொல்லும்போதெல்லாம் இரண்டில் ஒன்று நடக்கும். அவர் தன் பழக்கத்தால் ஒரு சீரான கோலத்துக்குப் போய்விடுவார், அல்லது ‘ஐயா, நீங்களே சொல்லிவிடுங்கள்’ என்று கேட்டு நிற்பார். பின்னால் பிரித்துக் கட்டச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. சுதந்திரத்தை அவர் நம்புவதற்கு நாம் கூடவே நின்று, ஒன்றிரண்டு சுவர்கள் சரியாக வராதபோதும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பொது அருங்காட்சியகத்தின் முகப்பில், அரசுப் பணத்தில், அந்தப் பொறுமையைக் காட்டியது சாதாரண விஷயம் இல்லை.

கட்டுமானத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பல கட்டுரைகள் இதை மறைக்கின்றன. நிங்போவின் அந்தச் சுவர் தன் எடையைத் தானே தாங்கி 24 மீட்டர் ஏறிய பழைய முறைச் சுவர் அல்ல. பின்னால் கான்கிரீட் இருக்கிறது. இடையிடையே கான்கிரீட் தாங்கிகள் சுவரின் சுமையைப் பிரித்து வாங்குகின்றன. கிராமத்து வாபான் சுவர் ஒரு வீட்டின் உயரத்துக்கு மேல் போனதில்லை. ஆகவே ‘பழந்தொழில்நுட்பத்தில் கட்டிய அருங்காட்சியகம்’ என்பது சரியல்ல. புதுச் சட்டகம் ஒன்று பழைய கைவேலைக்கு இடம் கொடுத்து ஏற்றி நிறுத்தியிருக்கிறது. அங்குள்ள கான்கிரீட் சுவர்களிலும் இதே எண்ணம்தான். சென்ட்ரிங் பலகைக்குப் பதிலாக மூங்கிலை வைத்து ஊற்றினார்கள். மூங்கில் ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது, ஈரக் கான்கிரீட்டின் எடையில் கொஞ்சம் விட்டும் கொடுக்கும். பிரித்தெடுத்த பிறகு கணுவும் நாரும் கான்கிரீட்டில் பதிந்து நிற்கின்றன. அங்கேயும் கடைசி முடிவு வடிவமைப்பாளரிடம் இல்லை. ஓடே இல்லாத சுவரிலும் அதே குணம் இருப்பதால்தான், ஓடு வெறும் தோற்றம் இல்லை என்கிறேன்.

இதற்குள் தீராத ஒரு சங்கடமும் இருக்கிறது. இருபது லட்சம் ஓடு கிடைக்கிறதென்றால் எத்தனை வீடுகள் போயிருக்க வேண்டும்! இடிப்பு ஓய்ந்தால் இந்தச் சுவரும் ஓய்ந்துவிடும். நிங்போ அருங்காட்சியகம் எழுந்த புதுநகரை ஒரு குட்டி மன்ஹாட்டனாகக் கற்பனை செய்துகொண்டிருந்த அதிகாரிகள், அங்கே இவ்வளவு அழுக்கான பொருளைப் பயன்படுத்துவதா என்று கொதித்தார்கள் என்றும், திறந்த பிறகு தங்கள் பழைய வீட்டின் சாயலைத் தேடி மக்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்றும் வாங் ஷு சொல்கிறார். இரண்டும் அவர் சொன்னவையே. இரண்டாவதை நான் நம்புகிறேன், ஏனென்றால் ஊரை இழந்தவர்கள் அப்படித்தான் தேடுவார்கள். ஆனால் சுவரில் ஓடு இருப்பதால் ஊர் காப்பாற்றப்பட்டதாகாது. அதை மரபுப் பாதுகாப்பு என்று எழுதுவது தவறு. இழப்பை மறைக்காமல் எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தியது என்பதே அதன் மதிப்பு என்று நினைக்கிறேன். சுற்றுச்சூழல் சேமிப்பு பற்றிச் சொல்லப்படுவதையும் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டை மறுபடி பயன்படுத்துவதில் சேமிப்பு உண்டு. பின்னால் இருக்கும் கான்கிரீட்டின் கணக்கையும் சேர்த்தால்தான் அது முழுக் கணக்கு.

அவருடைய வடிவங்களுக்குச் சீன மலை ஓவியம் மூலம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது சரிதான், ஆனால் மலை போன்ற உருவம் என்று மட்டும் புரிந்துகொண்டால் தவறிவிடும். நிங்போவுக்கு லி டாங் என்ற, சோங் அரச மரபுக் காலத்து ஓவியரின் மலை ஓவியத்தை அவர் குறிப்பிடுவார். அப்படிப்பட்ட ஓவியத்தில் பார்வைக்கு ஒரே புள்ளி கிடையாது. பாதையில் நடக்கிறவனின் கண்ணும் தொலைவில் நிற்கிறவனின் கண்ணும் ஒரே தாளில் இருக்கும். நிங்போவில் நீங்கள் பள்ளத்தாக்கு போன்ற படிக்கட்டில் ஏறிக் கூரைத் தளத்துக்கு வந்தால், பிளவுகளுக்கு நடுவே நகரம் துண்டு துண்டாகத் தெரியும்படி திட்டம் அமைந்திருக்கிறது. ஃபூயாங்கில் 2016-இல் முடிந்த பண்பாட்டு வளாகத்துக்கும் இப்படி ஓர் ஓவியத் தொடர்பு உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் ஹுவாங் கோங்வாங் ஃபூச்சுன் மலைகளைச் சுருளாக வரைந்த இடம் அது. அந்தச் சுருள் பின்னர் நெருப்பில் இரண்டாகி, ஒரு பகுதி தைபேயிலும் ஒரு பகுதி ஹாங்ஜோவிலும் இருக்கிறது. வளாகத்தின் கூரைகள் அந்த மலை வரிசையின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றுகின்றன.

பரிசைப் பற்றி ஒன்று. சீனக் குடிமகன் ஒருவர் பிரிட்ஸ்கர் பெற்றது அதுவே முதல் முறை. 1983-இல் பெற்ற ஐ. எம். பெய் சீனாவில் பிறந்த அமெரிக்கர். ஆனால் பரிசு வாங் ஷு ஒருவருக்கு மட்டும் போனது. அலுவலகத்தை அவரோடு தொடங்கிய, கட்டுமானத் தளங்களை நடத்திய, அதே கழகத்தில் கற்பித்த லு வென்யூவின் பெயர் அதில் இல்லை. மனைவிக்கும் பங்கு உண்டு என்று வாங் ஷு பரிசு வந்தபோதே சொன்னார். தனக்கு அந்தப் புகழ் வேண்டாம், தன் வாழ்க்கை தனக்கு வேண்டும் என்ற பொருளில் லு வென்யூ பிற்பாடு பேசினார். அவர் விருப்பம் அவருடையது. ஆனாலும் இந்த வேலைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு பெயரையும் எழுத வேண்டும். ஓர் ஓடு சரியான இடத்தில் உட்கார்வதற்குத் தளத்தில் எத்தனை மணி நேரம் ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறது என்று தெரிந்தவர்கள் இதில் அலட்சியமாக இருக்க மாட்டார்கள்.

எல்லாம் வெற்றி என்று நான் சொல்லவில்லை. ஹாங்ஜோவில் 26 மாடிக் குடியிருப்புக் கோபுரங்களில் ‘செங்குத்து முற்றம்’ அமைத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மண்ணும் மரமும் உள்ள ஒரு முற்றம் என்பது நல்ல எண்ணம், ஆனால் அவ்வளவு உயரத்தில் கொத்தனாரின் கைக்கு இடமே இல்லை, அதனால் அவருடைய பலமும் அங்கே வெளிப்படவில்லை என்பது என் கருத்து. ஷியாங்ஷான் வகுப்பறைகள் சிலவற்றில் வெளிச்சம் போதவில்லை, வழி பிடிபடுவதில்லை என்று அங்கே படித்தவர்கள் குறை சொல்லியிருக்கிறார்கள். அதை ரசனைக் குறைவு என்று ஒதுக்கக் கூடாது, படிக்கப் போகிறவருக்கு வெளிச்சம் வேண்டும். ஃபூயாங் வளாகத்தை ஒப்புக்கொள்ள, பக்கத்துக் கிராமங்களில் வேலை செய்ய விட வேண்டும் என்று நிபந்தனை வைத்து, வென்சுன் கிராமத்தில் 24 குடும்பங்களுக்காக 14 வீடுகளை உள்ளூர்க் கல்லிலும் மண்ணிலும் கட்டினார்கள். முற்றத்துக்கு இவ்வளவு இடம் விட்டது ஏன், அதையும் அறையாக்கியிருக்கலாமே என்ற பேச்சு ஊரில் எழுந்ததாகச் செய்திகள் வந்தன. இருந்தும் அவர் வேலைகளில் என் மனம் அதிகம் நிற்பது வென்சுனில்தான். அங்கே அழிந்துபோன ஊரின் ஓடுகளை எடுத்துச் சுவர் கட்டவில்லை, ஊர் அழியாமல் இருக்க வழி தேடினார்கள்.

இதே கேள்வியை வேறு விதமாகக் கையாண்டவர் லியூ ஜியாகுன். சீனாவின் செங்டூ நகரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர், 2025-இல் பிரிட்ஸ்கர் பெற்றார். 2008 வென்சுவான் நிலநடுக்கத்துக்குப் பிறகு இடிபாட்டை அரைத்து, கோதுமை வைக்கோல் நாரும் சிமென்டும் சேர்த்துப் புதிய கட்டுமானக் கல் செய்தார். வாங் ஷு பழைய துண்டின் முகத்தை அப்படியே வைத்துக்கொள்கிறார், லியூ அதை அரைத்துவிட்டு உடனே வீடு கட்ட உதவும் பொருளாக்குகிறார். இருவரையும் அருகருகே படித்தால் உங்கள் சந்தேகத்துக்கு நான் சொன்னதைவிடத் தெளிவான விடை கிடைக்கும். தொடங்கும்போது நிங்போவின் முகப்புப் படங்களில் தொடங்காதீர்கள். வென்ஜெங் நூலகத்தின் குறுக்குவெட்டை எடுத்து, தரை மட்டம் எங்கே போகிறது என்று பென்சிலால் நீங்களே வரைந்து பாருங்கள். அடுத்து ஷியாங்ஷானின் தளப்படத்தில் குன்றையும் ஓடையையும் முதலில் வரைந்துவிட்டுக் கட்டடங்களைப் பிறகு வையுங்கள். அதன் பின் நிங்போவுக்கு வந்து, உங்கள் கல்லூரிப் பட்டறையில் கிடைக்கும் உடைந்த செங்கல்லையும் ஓட்டையும் வைத்து ஒரு மீட்டர் உயரத்துக்கு, ஒரு கொத்தனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டிப் பாருங்கள்.